ட்ரோன் பெட்டிக்குக் காவல்

ஊரே கூடித் தேரைப் பார்க்கும்போது, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்கள், வாகனம் நிறுத்தும் இடத்தில் விசில் ஊதியவர்கள், மேடைக்குப் பின்னால் கதிரை அடுக்கியவர்கள், உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். நாம் நிற்கும் இடத்தில் மட்டும் திருவிழா நடப்பதில்லை.

பெரிய கூட்டங்களில் ட்ரோன் பறந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்று அரசாங்கம் மாகாணங்களுக்கு நிதி கொடுத்தது. அதில் பதுளைக்கு வந்து சேர்ந்தது ட்ரோன் வந்தால் கத்துகிற ஒரு பெட்டி, ஒரு லேப்டாப், மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு ஏரியல். அவற்றுக்கு இரண்டு ஆட்கள். வேன் ஓட்டவும் பெட்டியைத் தூக்கி இறக்கவும் ரிஸ்வான் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். லேப்டாப்பைப் பார்க்க, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த நான். ஆறு மாத ஒப்பந்தம். முடிந்ததும் அறிக்கையைப் பார்ப்பார்கள். திருப்தி என்றால் வேலை தொடரும். இல்லையென்றால் பெட்டி வேறு மாகாணத்துக்கு, நான் கொஸ்லந்தத் தோட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்க. இந்த வேலையை நம்பித்தான் நாலு வயது மகளை பதுளையில் நேர்சரியில் சேர்த்து, பக்கத்திலேயே ஒரு அறையும் எடுத்திருந்தேன்.

பூச்சியம்

முதல் டியூட்டி மாகாண விளையாட்டு விழா. மூன்று நாள். வெயில், மழை, திரும்பவும் வெயில். பருந்து வந்தது, காகம் வந்தது, யாரோ கைவிட்ட பலூன் ஒன்று வந்தது. ட்ரோன் வரவில்லை. படிவத்தில் 'கண்டுபிடித்த ட்ரோன்கள்' என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டு அனுப்பினேன். ஒன்றும் வராதது நல்ல விஷயம்தானே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

அடுத்த நாளே எங்கள் அலுவலகத்துப் பெரிய சார் கூப்பிட்டார். சிங்களவர், நல்ல மனிதர், நம்மிடம் தமிழில்தான் பேசுவார். "பூச்சியம் எதுக்கு மிஸ்?" என்றார். "ஒண்ணும் வரல்லைங்க சார்" என்றேன். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணும் வராட்டி பெட்டி எதுக்குன்னு கொழும்பில கேப்பாங்களே!"

ஏரியல்

பெரகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாதா கோயில் திருவிழா. நான் வேதக்காரிதான். ஆனால் டியூட்டியில் மெழுகுவர்த்தி கொளுத்தவா முடியும்? மூடுபனி இறங்கி, நாங்கள் நட்ட ஏரியலின் உச்சியே எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாத ஆகாயத்தை ஐந்து மணி நேரம் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ரிஸ்வான் நானா ஃபிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வந்திருந்ததால் பிழைத்தேன்.

மத்தியானம் ஓர் அக்கா வந்து ஏரியலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கையிலிருந்த போனை அதன் பக்கத்தில் பிடித்தார், உயர்த்தினார், ஸ்டாண்டோடு ஒட்டியும் வைத்தார். "அக்கா, இது போனுக்கு இல்லைங்க, ட்ரோன் புடிக்க" என்றேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"டுபாய்ல இருக்க எம் மவகூட பேச மேட்டு லயத்து வீடுக வரைக்கும் ஏற வேண்டி இருக்கு, நீங்க என்னமோ வராத சாமானுக்குத் தூணு நட்டுகிட்டு நிக்கிறீங்க!"

சொந்த ட்ரோன்

நாலாவது மாதம், பதுளையில் தேர்த் திருவிழா. பெட்டி முதல் தடவையாகக் கத்தியது. எனக்குப் பயமில்லை, சந்தோஷம். ஒரு ட்ரோன் கணக்கில் சேர வேண்டுமென்றால், ஏரியலைக் கையால் திருப்பித் திருப்பி ஐந்து நிமிடம் அதன் பின்னாலேயே போக வேண்டும். நடுவில் விட்டால் லேப்டாப் அதுவரை எடுத்ததையெல்லாம் அழித்துவிடும். நான் ஐந்து நிமிடத்தையும் முழுசாகப் பிடித்தேன்.

ரிஸ்வான் நானா ஓடிப்போய் ஆளையும் பிடித்துவிட்டார். விழாக் குழுவே கூட்டிவந்த வீடியோக்காரர். அனுமதி கேட்டீர்களா என்றால், குழுத் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெரிய சாருக்குப் போன் போனது. தெரிந்தவர்களுடைய ட்ரோனைச் சேர்க்க வேண்டாம் என்று பதில் வந்தது. மறுபடியும் பூச்சியம். ஏரியலை மடக்கிக்கொண்டே ரிஸ்வான் நானா சொன்னார்:

"எழுதினா நம்மளத் தூக்குவாங்க, எழுதாட்டிப் பெட்டியத் தூக்குவாங்க, எப்படியும் தூக்கி இறக்கிறது நான்தானே தங்கச்சி."

மரம்

ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்கள், மந்திரி வருகிறார். போய் இறங்கியதும் நான் பார்த்தது ஆகாயத்தை இல்லை, மரத்தை. கொழுந்து பறிக்கிறவள் பெற்ற பிள்ளை எங்கே போனாலும் முதலில் மரத்தைத்தான் பார்க்கும், குளவி கொட்டி ஆள் செத்த தோட்டங்கள் எங்களுடையவை. மைதான ஓரத்து யூகலிப்டஸில், உர மூட்டை அளவுக்கு ஒரு குளவிக்கூடு. அதற்கு நேர் கீழே கொடியோடு வரிசையாகப் பிள்ளைகள். ஏற்பாட்டாளர் ஐயாவிடம் சொன்னேன். "அது ரொம்ப நாளா சும்மாதான் இருக்கு. நீங்க ட்ரோனைப் பாருங்கம்மா, மரத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

பத்து மணிக்கு, மந்திரி வந்து சேரும் முன்பே, பெட்டி கத்தியது. நீர்வீழ்ச்சி பார்க்க வந்த யாரோ பறக்கவிட்ட ட்ரோன். யாருக்கும் தெரிந்தவர் இல்லை! ரிஸ்வான் நானா ஆளைத் தேடி வேனை எடுத்துக்கொண்டு போனார். நான் தனியாக ஏரியலைத் திருப்பினேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மகளின் நேர்சரி, அறை, எல்லாம் அந்த மிச்ச மூன்று நிமிடத்தில் இருந்தது. ட்ரோன் தாழ இறங்கி யூகலிப்டஸைப் பார்த்துப் போனது. கூட்டின் மேல் கறுப்பாக ஏதோ அசைந்தது.

ஏரியலை விட்டுவிட்டு ஓடினேன். "குளவி! குளவி!" இந்தச் சொல்லுக்கு எங்கள் ஆட்கள் 'எங்கே' என்று கேட்பதில்லை. அம்மாமார் முந்தானையை விரித்து, இரண்டு மூன்று பிள்ளைகளாக மூடி, குனிந்து நடந்தார்கள். திறப்பு விழா ரிப்பனை அறுத்துக்கொண்டு அத்தனை பேரும் புதுக் கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது, வெளியே கூடு முழுக்கக் கிளம்பிவிட்டது. பிள்ளைகளில் ஒருவருக்கும் கொட்டு இல்லை. மரத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஐயாவுக்கு மட்டும் காதில் இரண்டு. மூச்சு வாங்க நின்ற என்னிடம் ஓர் அம்மா சொன்னார்:

"நல்ல வேளை கதவு தெறந்து கெடந்துச்சு புள்ள, சாவி மட்டும் மந்திரி கையில இருந்திருந்தா நாம எல்லாரும் வெளியதான்!"

கட்டம்

லேப்டாப், நான் பயந்தபடியே, அந்த இரண்டு நிமிடத்தை அழித்திருந்தது. அத்தனை பேர் கண்ணால் கண்டதுதானே, ஒன்று என்று போடலாமா என்று கேட்டேன். பதிவு இல்லாமல் போட ஏலாது என்றார் பெரிய சார். கடைசிப் பக்கத்தில், 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில், நடந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் மெதுவாக முழுக்க வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல வேலை செஞ்சீங்க மிஸ், ஆனா குளவிக்குக் கட்டம் இல்லையே."

பெட்டி போய்விட்டது. வேனில் ஏற்றியது ரிஸ்வான் நானாதான். நான் மகளின் நேர்சரிப் பையை மடித்து வைத்து, ஊருக்குப் போகத் துணி கட்டிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன். நாலு தோட்டத்தில் விழா வருகிறதாம். நாலு தோட்டத்திலிருந்தும் ஒரே கேள்வியாம். பெரிய சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பெட்டி வேணாமாம் மிஸ், மரம் பாக்கிற அந்தப் பொம்பளைய அனுப்பச் சொல்றாங்க, மூணு மாசத்துக்கு வாறீங்களா?"

ஆறு மாதம் பெட்டியோடு அண்ணாந்து பார்த்தேன், இப்போது பெட்டியில்லாமல் அண்ணாந்து பார்க்கிறேன், கழுத்து வலிக்கு மட்டும் இந்த வித்தியாசம் இன்னும் தெரியவில்லை.