தேனீக்கு நீட்டிய கை

என் விரல்கள் மடங்க மறுத்த வருஷம் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். காலண்டர் சீசன். பேனா நழுவியது, சேலைக் கொசுவம் மடிக்க வரவில்லை. விருதுநகரில் ரத்தம் சோதித்துவிட்டு முடக்குவாதம் என்றார் டாக்டர். ஆயுள் முழுக்க மாத்திரை என்றார். "ஏன் சார் வந்துச்சு?" என்று கேட்டேன். "அடுத்த ஆள் வரச் சொல்லுங்க" என்றார் கதவைப் பார்த்து. மாத்திரை குமட்டியது. கோபம் அதைவிட. நிறுத்திவிட்டேன்.

என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவர். தரையில் மடங்கி உட்கார்ந்தே முழங்கால் போயிருந்தது. காரியாபட்டிப் பக்கம் ஒருவர் தேனீயைக் கொட்டவிட்டு வலியை எடுக்கிறார் என்று போய்வந்தவர், எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்டினார்.

"நீயும் வாத்தா. எம்புட்டு நாளைக்கு இப்படிக் கைய வச்சுக்கிட்டு அழுவ?"

போனேன். முருங்கைத் தோட்டத்துக்குள் தேன்பெட்டிகள், ஒரு தகரக் கொட்டகை, பெஞ்சில் வரிசையாக ஆட்கள். அந்த வைத்தியர் மெதுவாகப் பேசுகிறவர். எந்த விரலில் தொடங்கியது, தூக்கம் வருகிறதா, வேலையில் யார் ஒத்தாசை என்று எல்லாம் விசாரித்தார். பிறகு இடுக்கியால் ஒரு தேனீயை எடுத்து என் விரல் மூட்டில் வைத்தார். சுருக்கென்றது. தேனீ போன பிறகும் கொடுக்கு மட்டும் தோலில் நின்று துடித்தது. கை வீங்கிக் காந்தியது. ஆனால் பழைய வலி கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. புது வலி பழையதை மறைத்ததா, விஷம் நிஜமாகவே வேலை செய்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்தடுத்துப் போனேன். ஒரு நாள், கொட்டிய சற்று நேரத்தில் உள்ளங்கை அரித்தது. பிறகு உச்சந்தலை. நாக்கு தடித்து வாய்க்குள் அடைத்தது. கொட்டகை சுற்றியது.

"விசம் நல்லா எறங்குது. கொஞ்ச நேரம் படுக்க வைங்க, சரியாப் போயிரும்" என்றார் வைத்தியர்.

மதினி என் முகத்தைப் பார்த்தார். "மூச்சு இழுக்குதுய்யா! என்னத்தப் படுக்க வைக்க?" என்று கத்திவிட்டு, நோகும் முழங்காலோடு என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கேள்வியே கேட்காமல் தொடையில் ஊசி போட்டார். மூச்சு திரும்பியது.

விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அதே டாக்டர் வந்தார். "படிச்சவங்கதானே நீங்க? பூச்சிகிட்டப் போய் வைத்தியம் பாக்குறீங்க?"

குரல் கம்மியிருந்தது. இருந்தாலும் விடவில்லை. "அவரு என்கிட்ட உக்காந்து பேசுனாரு சார். நீங்க பேசியிருந்தா நான் அங்கன போயிருக்க மாட்டேன். இப்பவாச்சும் சொல்லுங்க, எனக்கு என்ன வந்திருக்கு?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் உடம்பே என் மூட்டுகளைத் தாக்குகிறது, ஏன் என்று முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். இந்த நோய்க்குத் தேனீ விஷம் உதவுமா என்று ஆராய்கிறார்கள். தேனீக் கொட்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே அதைத் துளித்துளியாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்குவதும் உண்டு. ஆனால் அது அளந்து, உயிர்காக்கும் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது. "இன்னொரு கொட்டு உங்களைக் கொன்னுடலாம்" என்றார். மாத்திரையை மறுபடி தொடங்கினேன்.

உடம்பு தேறியதும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மதினியும் வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால் நின்று, எனக்கு நடந்ததைச் சொன்னேன்.

"மூச்சு முட்டுனா போட இங்கன ஒரு ஊசி மருந்து இருக்கா? போடத் தெரிஞ்ச ஆளு இருக்கா?"

"ஒங்க ஒடம்புக்குச் சேரலைன்னா அதுக்கு நான் என்ன செய்ய? வியாபாரத்தக் கெடுக்காதீக" என்றார் வைத்தியர்.

"கெடுக்கத்தான் வந்திருக்கேன்."

இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மதினி நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கு இந்த வைத்தியம் கேக்குதுத்தா. நாளைக்குத் திரி வெட்ட நான் உக்காரணும்ல?"

கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். அது அவர் கால். ஆட்டோக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு, மதினியை ஒட்டி உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவையும் போனேன். அதற்கு அடுத்த தடவையும். வருகிறவர்களிடமெல்லாம் என் கதையைச் சொன்னேன்.

கடைசியில் வைத்தியர் பொறுக்க மாட்டாமல், "நீங்க மட்டும் வாறதுன்னா வாங்க. இந்தம்மா இங்கன வரக்கூடாது" என்றார் மதினியிடம்.

மதினி சேலையை உதறிவிட்டு எழுந்தார். "எனக்கு மூச்சு நின்னா நீரு படுக்க வைப்பீரு. இவ தூக்கிட்டு ஓடுவா. வாத்தா, போவோம்."

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. மதினி இப்போது கம்பெனியில் சண்டை போட்டு ஒரு மர முக்காலி வாங்கி, அதில் உட்கார்ந்துதான் திரி வெட்டுகிறார். என் சுண்டுவிரல் கோணலாகவே நின்றுவிட்டது. மற்ற விரல்கள் மடங்குகின்றன.