முன் வண்டியில் தூங்கியவன்

பிரின்ஸ், ஷீபா, இது உங்கள் இருவருக்கும். போன வாரம் பிரின்ஸ் பக்கத்து வீட்டுப் பையனோடு சண்டை போட்டுவிட்டு, "செத்தாலும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றான். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் திட்டாமல் எழுதுகிறேன்.

நான் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டுவது கொஞ்சம்தான். எண்ணூர் ரோட்டில் துறைமுக கேட்டுக்காக லைனில் நிற்பதுதான் முக்கால்வாசி வேலை.

டீசல் விஷயம்

அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்தது நினைவிருக்கிறதா? அதற்குக் காரணம் முருகேசன். எங்கள் ஓனரிடமே வண்டி ஓட்டுகிற கொருக்குப்பேட்டைக்காரன். நான் டீசல் திருடி விற்பதாக ஓனரிடம் போட்டுக்கொடுத்தான். ஓனர் சாவியை வாங்கிக்கொண்டார். அம்மா மார்க்கெட்டில் மீன் வெட்டப் போனாள். அப்புறம் டேங்கில் ஓட்டை இருப்பதை மெக்கானிக் கண்டுபிடித்தார். ஓனர் திரும்பக் கூப்பிட்டார். முருகேசன் மட்டும் வருத்தமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லைனில் பார்த்தால், "இன்னா பாதர், டேங்கு ரொம்பிக்கீதா?" என்று சிரிப்பான். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் எனக்கு அங்கே பாதர் என்று பேர்.

பாதரின் ஜெபத்தைக் கேளுங்கள்: அவன் வண்டி டயர் வெடிக்க வேண்டும் என்று ஏசப்பாவிடம் கேட்டேன். என் டயர்தான் வெடித்தது.

கேட் மூடும் நேரம்

லைனில் ஒரு பழக்கம் உண்டு. மணிக்கணக்கில் நிற்பதால் எல்லோரும் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிவிடுவோம். லைன் நகர்ந்தால், பின்னால் நிற்பவன் இறங்கிப்போய் முன்னால் இருப்பவனின் கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனாலும் எல்லோரும் செய்வோம்.

அன்று என் முன்னால் முருகேசன் வண்டி. கட்-ஆஃப் நெருங்கிவிட்டது. அதற்குள் கேட்டைத் தாண்டாத கன்டெய்னர் பெட்டி கப்பலில் ஏறாது. "இன்னொரு கப்பல உட்டீன்னா சாவிய வச்சிட்டுப் போய்னே இரு" என்று ஓனர் அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். லைன் நகர்ந்தது. அவன் வண்டி அசையவில்லை.

பின் வண்டி பாபு இறங்கி ஓடிவந்தான். "மாமு, ரைட்ல ஒடிச்சு போய்க்கினே இரு. நான் உன் பின்னாலயே வரேன். அவன் தூங்கட்டும்."

"எழுப்பணும்ல?"

"உன் சோத்துல மண்ணு போட்டவன எழுப்பிக் காப்பி ஊத்துவியா? நல்லா கீதுப்பா உன் நாயம்!"

ஸ்டியரிங்கை ஒடித்தேன். பாதி வண்டி வெளியே வந்துவிட்டது. மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். நாளைக்கு அவன் வீட்டிலும் ஒருத்தி மீன் வெட்டப் போவாள்; அதைக் கேட்டு நான் சிரிப்பேன். ஏசப்பா, நான் இப்படி ஆகிவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்தேன்.

இறங்கிப்போய் அவன் கதவைக் கையால் தட்டினேன். எழவில்லை. வீல் ராடை எடுத்துவந்து தட்டினேன். துள்ளி எழுந்தான்.

"எவன்டா அது? சண்டைக்கு வந்துகீறியா?"

"லைன் போய்க்கினு கீது. கேட்ட மூடப் போறான், எடு."

முன்னால் பார்த்தான். பாதி வெளியே நின்ற என் வண்டியையும் பார்த்தான். "நீ பூந்து போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம்."

"பின்ன இன்னாத்துக்கு எழுப்புன?"

"மொதல்ல வண்டிய எடு நைனா. அப்பறம் பேசிக்கலாம்."

அப்புறமும் பேசவில்லை. இரண்டு பெட்டியும் கப்பல் ஏறின. அவன் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

அவன் வந்து கேட்டால் மன்னிக்கலாம் என்று அதுவரை காத்திருந்தேன். ஏசப்பா என்னிடம் அப்படிக் காத்திருந்தால் என் கதி என்ன? கோபம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் எட்டிப் பார்க்கிறது. ஆனால் பிரின்ஸ், மனசு வந்த பிறகு செய்யலாம் என்று இருக்காதே. முதலில் செய். மனசு மெதுவாகப் பின்னால் வரும்.

பெட்டியை இறக்கிவிட்டு வந்து வண்டியை ஓரம் கட்டினேன். கேபினில் நான் மட்டும்தான். போனை எடுத்தேன். அவன் நம்பரை 'கலீஜ்', அதாவது அசிங்கம் பிடித்தவன், என்று போட்டுவைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'முருகேசன்' என்று அடித்தேன்.