ரிப்பன் வெட்டக் காத்து வெளியே நின்றோம்: 9 கிலோமீட்டர், 20 ரூபாய், ஒரு செவ்வாய்க்கிழமை

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை அழைத்துக்கொண்டு சித்தூர், திருப்பதி பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில் தகவல் தேடி இந்த பிளாகுக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நடந்தது. மருத்துவமனை இருக்கிற ஊரின் பெயரைப் போடப் போவதில்லை. அங்கே எல்லோரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

என் அக்கா எஸ்தர் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். இரண்டு வருடமாக செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ். விடிகாலை 4.30 பஸ், புத்தூரில் மாறி, மொத்தம் 46 கிலோமீட்டர். சிகிச்சை இலவசம்தான், போய்வருவதற்குத்தான் உயிர் போகும். திரும்பும்போது பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பாள். மாமா கூடவே போவார், அதனால் அவருக்கு வாரத்தில் மூன்று நாள் கூலி கிடையாது.

ஏப்ரலில் அவர்கள் தொகுதி எம்எல்ஏ அம்மா பன்னிரண்டு பக்கத்தில் பளபளவென்று ஒரு புத்தகம் போட்டிருந்தார். தான் செய்த வேலை, செய்யப்போகும் வேலை எல்லாம் படத்தோடு. தண்ணீர்த் தொட்டி, தார் ரோடு, மாங்காய்க்கு நல்ல விலை. ஒன்பதாம் பக்கத்தில், அரசு மருத்துவமனையில் நான்கு படுக்கை டயாலிசிஸ் பிரிவு. 'ஜூன் முதல் செவ்வாய், காலை 10.40 திறப்பு. அன்றே சிகிச்சை தொடங்கும்.' அக்கா வீட்டிலிருந்து அந்த மருத்துவமனை ஒன்பதே கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். திருப்பதி இடத்தை விட்டுவிட அக்கா தயங்கினாள். "ஒரு வாரம் போவட்டும்டா, நல்லா நடக்குதான்னு பாத்துக்கினு மாத்திக்கலாம்" என்றாள். நான்தான் சென்னையிலிருந்து போனிலேயே அவளை அரித்து எடுத்தேன். புத்தகத்தில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து இந்த பிளாகில் எழுதுவதாக எனக்குத் திட்டம். முதல் நோயாளியே என் அக்கா என்றால் கசக்குமா? சனிக்கிழமை திருப்பதியில் ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் இடம் அன்றைக்கே வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

மாமாவுக்கு சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை. அதனால் துணைக்கு நான் வந்தேன். சென்ட்ரலில் திங்கள் காலை ரயில் பிடித்து, புத்தூரில் இறங்கி, பஸ்.

செவ்வாய் 9.30க்குக் கிளம்பி 10 மணிக்கெல்லாம் மருத்துவமனை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். உடம்பில் தண்ணீர் தேங்கி, காலையிலேயே அவள் முகம் வீங்கியிருந்தது. வாசலில் சாமியானா, மேளம், கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். கண்ணாடிக் கதவு வழியாக நான்கு மெஷின்களும் தெரிந்தன. 10.30 வரை எமகண்டமாம். அது முடிந்து பத்தாவது நிமிடம் முகூர்த்தம்.

10.40 வந்தது, எம்எல்ஏ வரவில்லை. 11.30க்கு மேளக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். 12.15க்கு அக்கா நாற்காலியில் சாய முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது. டெக்னீஷியன் நகரியைச் சேர்ந்த தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"மெஷினு காலைல எட்டுக்கே ரெடி சார். நான் சும்மா குந்திக்கினு கீறேன். ரிப்பன் வெட்டாம ஒர்த்தரையும் உள்ள உடக்கூடாதுன்னு சூப்பரிண்டெண்டு ஆர்டர்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் என்னைவிடப் பாவமாக இருந்தது.

1.30க்கு செய்தி வந்தது. மாங்காய் விலைக்காக சித்தூரில் விவசாயிகளும் ஃபேக்டரிக்காரர்களும் கூட்டம், அம்மா நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். புத்தகத்தில் அதுவும் ஒரு பக்கம்தான், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் 2.45க்கு வந்த செய்திதான் மோசம். மூன்று மணிக்குள் வர முடியாதாம். மூன்றிலிருந்து 4.30 வரை ராகுகாலம். ஆகவே திறப்பு 4.30க்கு மேல்.

அக்காவுக்கு அப்போது உதடு வெளுத்திருந்தது. டியூட்டி டாக்டர் அம்மா ஆக்சிஜன் வைத்துவிட்டு, "திருப்பதிக்கு அனுப்பினா ஒன்றரை மணி நேரம், அங்க இடம் இருக்கணும். இங்கயே உடனே போடணும்" என்று சூப்பரிண்டெண்டிடம் சொன்னார். சூப்பரிண்டெண்டு ஐம்பத்தைந்து வயதுக்காரர், சட்டையெல்லாம் வியர்வை. "நா உத்யோகம் போதுந்தி, என் வேலயே பூடும் டாக்டர். மேடம் வராம தெறந்தா மாத்திடுவாங்க, நான் ஏஜென்சி மலைக்காட்டுப் பக்கம் எங்கன்னா கெடக்கணும்" என்றார்.

அவள் செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்று அப்பட்டமாகவே தோன்றியது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'எந்நேரமும் அழைக்கலாம்' என்று ஒரு நம்பர். அதைப் பார்த்து ஏப்ரலில் சிரித்தவன் நான். அடித்தேன். உதவியாளர் எடுத்து, "மேடம் மீட்டிங்லோ உன்னாரு" என்றார் தெலுங்கில், மீட்டிங்கில் இருக்கிறாராம். வாயில் வந்தபடி கத்தினேன். அவர் வைக்கப்போன நேரத்தில் அக்கா கை நீட்டி போனை வாங்கினாள்.

"ஐயா... நான்... பேஷண்ட்டு... மூச்சு... வாங்க முடில... வாசல்ல... கீறேன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவள் மூச்சு இழுக்கும் சத்தம்தான். அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு ஒரு பெண் குரல், எல்லைப் பக்கத்துத் தமிழில்: "சூப்பரிண்டெண்டு கிட்ட குடும்மா."

அவர் போனை வாங்கி நேராக நின்றார். "எஸ் மேடம். ராகுகாலம் மேடம்... சரி மேடம். சரி மேடம்." போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய், ரிப்பனை வெட்டாமல் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அதற்குக் கீழே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். 3.25க்கு மெஷின் ஓடியது, ராகுகாலத்துக்குள்ளேயே. முக்கால் மணி நேரம் கழித்து அக்கா மெல்லச் சாய்ந்து படுத்தாள். நான் வராந்தாவில் போய் அழுதேன்.

4.45க்கு எம்எல்ஏ அம்மா வந்தார். சேலையெல்லாம் கசங்கி, தொண்டை கட்டிப்போய். ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே வந்ததும் போட்டோக்காரர் டெக்னீஷியனிடம், மெஷினை ஒரு நிமிடம் நிறுத்தினால் மேடம் ஸ்விட்ச் போடுவது போல எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"நிறுத்தாதீங்கம்மா. ஓடிக்கினு கீது" என்றாள் அக்கா.

எம்எல்ஏ கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "போட்டோ வேணாம் போ" என்று அவரை அனுப்பினார். பிறகு சூப்பரிண்டெண்டு பக்கம் திரும்பி, "இவங்கள காலைலயே யாரு வரச் சொன்னது?" என்றார்.

நான் ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். மேலே எம்எல்ஏ அம்மா படம், கீழே நேரம். அந்த அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பத்து நாப்பது" என்றார். "நான்தான்."

அக்கா தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது சூப்பரிண்டெண்டிடம், "பிரசவ வார்டு ரெடியாச்சுன்னா தெறந்துடுங்க. ரிப்பன் நான் வர்றப்ப வெட்டிக்கறேன்" என்றார். பிரசவ வார்டு பதினோராம் பக்கம். நடந்தால் நம்புவேன்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். புது இடம் திறந்து, இரண்டு முறை ஒழுங்காக ஓடும் வரை பழைய இடத்தில் பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள். திறப்பு விழா அன்று நோயாளியோடு போகவே போகாதீர்கள். சனிக்கு அடுத்த செவ்வாயில் புது இடத்தைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். ஷேர் ஆட்டோ காலை 6.15 முதல் கிடைக்கும். மருத்துவமனைக்கு எதிரே இட்லி நன்றாக இருக்கும்.

புதன்கிழமை சென்னை திரும்பினேன். வியாழன் அன்று அக்கா, கூட யாரும் வேண்டாம் என்று தனியாகவே போனாள். மாமா வேலைக்குப் போய்விட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு 12.30க்கு போன் செய்தேன். முன்பெல்லாம் வியாழன் 12.30க்கு அவள் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாந்திப் பையோடு உட்கார்ந்திருப்பாள்.

"வூட்லதான்டா. துன்னுக்கினு கீறேன், அப்புறம் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.