நயினார் இருந்தது நோன்பு அல்ல

செய்தியை அவலூர்பேட்டை பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். தபால் பையை இறக்கி வைத்துவிட்டு, "உங்க பழைய ஆளு, நயினாரு, விடிகாலையில பூட்டாரு சார்" என்றார். சரி என்றேன். பையைப் பிரித்து எல்லாக் கடிதங்களுக்கும் முத்திரை குத்தி முடித்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

செஞ்சி தபால் நிலையத்தில் ஆதிராஜ நயினாரும் நானும் பதினான்கு வருஷம் ஒரே மேஜையில் கடிதம் பிரித்தோம். அவரை அறிந்த உங்களுக்கு அவர் சாப்பாட்டு நேரமும் தெரிந்திருக்கும். சமணர், பொழுது போன பிறகு ஒரு பருக்கை வாயில் படாது. எங்கள் ஆபீசுக்கு மேற்கே கோட்டை மலை. சூரியன் முழுதாக இறங்கும் முன்பே அதன் பின்னால் போய்விடும். "பொழுது இன்னும் கெடக்குதே நயினார்" என்று சீண்டுவேன். "மலை மறைச்சிட்டா எனக்கு ராத்திரிதான்யா" என்பார். அதற்குள் தூக்குச்சட்டி காலியாகியிருக்கும்.

சீனப் போர் நடந்த வருஷம் அவர் மனைவி தவறினார். அதன் பிறகு பேச்சு குறைந்தது. சவரம் செய்யாமல் வருவார். ஒரே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். ஒரு நாள் அவரே சொன்னார்: "துக்கம்னா அழுவணும் இல்ல, கோதண்டம்? எனக்கு ஒண்ணுமே வரல. அதான் பயமா இருக்குது." மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

அடுத்த வருஷம் மேல்மலையனூர்க் கடிதங்கள் அவலூர்பேட்டைக் கட்டுக்குள் கிடக்க ஆரம்பித்தன. சத்தமில்லாமல் எடுத்து மாற்றி வைத்தேன். உதவி செய்கிறேன் என்று நினைப்பு.

பிறகு ஒரு நாள், விளக்குப் போட்டு வெகுநேரம் கழித்து, தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. மனைவியைப் பறிகொடுத்த கோபத்தில் மதத்தையே உதறிவிட்டார் என்று எண்ணிவிட்டேன். "வீட்டுக்காரம்மா போனா விரதமும் கூடவே பூடுமா நயினார்? அந்தம்மா இதப் பாத்தா இன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டேன். வாயில் இருந்ததைக் காகிதத்தில் துப்பினார். "இருட்டிடுச்சா? மத்தியானம் சாப்ட்டனான்னே தெரில" என்றார். நான் அதையும் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல், இருட்டிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அவர் சாப்பிடுவதில்லை. சந்தேகமோ எந்நேரமும் வந்தது. பட்டப்பகலில் "மலை மறைச்சிடுச்சா?" என்று கேட்டுத் தட்டைத் தள்ளினார். வேலைக்கு வருவதும் நின்றது. உணவைத் துறந்து உயிரை விடும் நோன்பை நயினார் ஏற்றுவிட்டார் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. உறவுக்காரர்கள் வந்து காலில் விழுந்தார்கள். அவர் பேசாமல் இருந்ததும் விரதத்தில் சேர்ந்துவிட்டது. தடுப்பது பாவம் என்று பயந்து மகள் பத்மா தட்டை நீட்டுவதையே நிறுத்தினாள். எப்போதாவது கொஞ்சம் பால் உள்ளே போனால் உண்டு. பத்து நாள் போய்ப் பார்த்தேன். இது நோன்பு அல்ல, என் பேச்சால் வந்த சந்தேகம் என்று எனக்குத் தெரிந்தது; பத்து நாளும் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சு வெளியே வந்துவிடும் என்ற வெட்கம்.

பதினோராம் நாள் பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. மெட்ராசில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். "மூளை தேஞ்சிக்கிட்டு வருதுங்க. நீங்க துக்கம்னு நெனச்ச அந்தச் சோர்வே இதோட ஆரம்பமா இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. மொதல்ல சோறு குடுங்க" என்றார். அப்புறம் பத்மா வேளை தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "வெளிச்சம் இருக்குது நைனா, சாப்டு" என்று ஊட்டினாள். மேலும் நான்கு வருஷம் இருந்தார். கடைசி வருஷம் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

நேற்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, நயினாரின் நோன்பைப் பற்றி எழுதச் சொல்லி நாலு பேர் கேட்டார்கள். பத்மாவிடம் போனேன்.

"நோன்பும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. மெட்ராஸ்லருந்து வந்து மொத வாய் குடுத்தப்ப என் கையப் புடிச்சிக்கினு விடவே இல்ல. அவருக்கு அவ்ளோ பசி. அத எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். நயினாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பத்து நாளைத்தான். அவருக்குப் பசித்தது. எனக்குத் தெரிந்திருந்தது.