இடது ஸ்பீக்கரில் குறையில்லை

இரும்புத் தகடுகளை அறுத்து அனுப்பும் எங்கள் ஷெட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிரேன் ஓட்டுபவர். நாளெல்லாம் கூரையை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். அதனால் கீழே இருப்பவர்களுக்கு அவர் 'மேல இருக்கிறவர்'. புதிதாக வேலைக்கு வந்தவர் யாராவது தலைக்கு மேல் நகரும் தகட்டை மிரண்டுபோய் அண்ணாந்து பார்த்தால், பக்கத்தில் நிற்பவர் சொல்வார்: "மேல இருக்கிறவர் பாத்துக்குவாரு, நீ வேலையைப் பாரு." சொல்வது கிண்டல்தான். ஆனால் இருபத்திரண்டு வருடங்களாக அது உண்மையாகவும் இருந்தது. அவருடைய கொக்கிக்குக் கீழே ஒருவருக்குக்கூட நகம் பெயர்ந்ததில்லை.

ஷெட்டில் இடது வரிசை, வலது வரிசை என்று இரண்டு. வரிசைக்கு ஒருவர் விசிலோடு நிற்பார். ஒரு விசில் என்றால் தூக்கு, இரண்டு என்றால் இறக்கு, நீளமாக ஊதினால் நிறுத்து. அடுக்கி வைத்த தகடுகள் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டால் ஊதுகிறவரை மேலிருந்து பார்க்க முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து விசில் வந்தது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். வாக்கி டாக்கி கொடுத்துப் பார்த்தார்கள். அறுக்கும் மெஷின்களின் இரைச்சலில் அது கரகரத்துவிட்டு அடங்கியது. மறுபடியும் விசிலுக்கே வந்தார்கள்.

நான் அங்கே ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்து இரண்டு வருடம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவேன். மற்றவர்கள் உதட்டைச் சுழித்தபோது அவர் மட்டும், சந்தேகம் வந்தால் இனி கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பாட்டு. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, ஊர் சுற்றுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். பணக்காரர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரம் நிற்கும் ரகமும் இல்லை, தெருக்கோடிக் கடையில் அலறும் ரகமும் இல்லை. நடுத்தரம். முழங்கால் உயரப் பெட்டி, மரநிறம், முன்னால் கறுப்புத் துணி. அதே ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு நடத்துகிறார்கள். வாங்குவதற்கு முன் எட்டு மாதம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர், முதல் நூறு மணி நேரம் ஓடினால்தான் குரல் திறக்கும் என்பார். இன்னொருவர், ஸ்டாண்டுக்குள் மணல் நிரப்பினேன், பாஸின் கனத்த ஒலி இறுகிவிட்டது என்பார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்ததால் மனைவி மூன்று நாள் பேசவில்லை, அந்த மூன்று நாளும் பாட்டு அருமையாகக் கேட்டது என்று எழுதியவரும் உண்டு. ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். சரியான இடத்தில் உட்கார்ந்தால் பெட்டிகள் இரண்டும் காணாமல் போய்விடும், நடுவில் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து பாடுவார்.

அந்த ஆளுக்காகத்தான் அவர் வாங்கினார். முதல் வருடம் முழுக்க அந்த ஆள் வந்தார்.

அண்ணி வீட்டில் தையல் வேலை செய்பவர். ஸ்பீக்கர் வந்தபின் தையல் மெஷின் சமையலறை வாசலுக்கு நகர்ந்தது. "அந்த ரெண்டு பெட்டிக்கும் ஆளுக்கு ஒரு மூலை. எனக்குத்தான் இந்த வீட்டுல நிக்க இடமில்ல" என்று அண்ணி சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார் அண்ணன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அதை 'அப்பாவோட கூண்டு' என்பாள்.

இரண்டாம் வருடத்தில் பாடகர் நகர ஆரம்பித்தார். நடுவில் இருந்தவர் கொஞ்சம் வலது பக்கம். சில மாதத்தில் இன்னும் கொஞ்சம். இடது ஸ்பீக்கர் மங்கிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மறுபேச்சில்லாமல் வேறு கொடுத்தார்கள். அதுவும் மங்கியது. மறுபடி போனபோது கடைக்காரர், காதில் அழுக்கு இருக்கும், எடுத்துவிட்டு வாருங்கள் என்று சிரித்திருக்கிறார். விளையாட்டாகச் சொன்னதுதான். அண்ணன் அந்தக் கடைப் பக்கம் அதன்பின் போகவே இல்லை.

பிறகு வீடு அவரிடம் மாட்டிக்கொண்டது. பீரோ இடம் மாறியது, ஜன்னலுக்குக் கனத்த திரை வந்தது, வயர் மாறியது. குழுவில் கேட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தார்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், என்னதான் என்று வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டது அண்ணன் இல்லை, அண்ணி. டிபன் மறந்துபோனதைக் கொண்டுவந்து கேட்டில் கொடுக்கும்போது சொன்னார். "உங்க அண்ணன் சத்தத்தை எல்லாம் ஒரே பக்கம் தள்ளி வெச்சிருக்கார் தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் தலை வலிக்குது. படிச்ச புள்ள, நீங்க சொன்னா கேப்பாரு."

படிச்ச புள்ள என்ற வார்த்தை போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டேன்.

ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் குமிழ் கடிகார முள்ளில் ஒன்பது மணி காட்டும் இடத்தில் இருந்தது. அதாவது சத்தம் பெரும்பாலும் இடது பெட்டியிலிருந்து. அப்படி வைத்தால்தான் அண்ணனுக்குப் பாடகர் நடுவில் இருந்தார். நான் குமிழை நேராக்கினேன். அண்ணனை டேப் ஒட்டிய இடத்தில் உட்காரச் சொன்னேன். பாடகர் பீரோ பக்கம், அதாவது வலது பக்கம் போய்விட்டார் என்றார்.

பெட்டிகளை இடம் மாற்றப் போகிறேன் என்றேன். இதெல்லாம் பார்த்தாச்சு தம்பி, விடுங்க, காபி குடிங்க என்றார். நான் விடவில்லை. குறை பெட்டியில் இருந்தால் பெட்டியோடு சேர்ந்து மறுபக்கம் போக வேண்டும் அல்லவா? இரண்டையும் தூக்கி மாற்றினேன். பாடகர் பீரோ பக்கமே இருந்தார். வயரை மாற்றினேன். அப்போதும் பீரோ பக்கம். இனி மீதி இருப்பது அறைதான். பீரோவோ திரையோ ஏதோ ஒன்று சத்தத்தைக் கெடுக்கிறது. அதற்கும் ஒரு வழி எனக்குத் தோன்றியது. தோன்றியபோது எனக்கு என்னையே பிடித்துப்போனது.

"அண்ணே, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி."

அவர் எழுந்திருக்கவில்லை. மகள்தான், உட்காருங்கப்பா, பார்த்துவிடலாம் என்றாள். மெதுவாக எழுந்து நாற்காலியைத் திருப்பினார். பாட்டைப் போட்டேன்.

"இப்போ எந்தப் பக்கம்?"

அவர் கையை உயர்த்தி ஜன்னலைக் காட்டினார். பீரோவுக்கு நேர் எதிர்ச் சுவர்.

"அப்போ இடது ஸ்பீக்கர்ல குறையே இல்லண்ணே" என்றேன். "ஆம்ப்ளிஃபயர்லயும் இல்ல, ரூம்லயும் இல்ல. நீங்க திரும்பினா அதுவும் கூடவே..."

வாக்கியத்தின் பாதியில்தான் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. தையல் மெஷின் நின்றுவிட்டது. அண்ணி துணியைக் கையில் பிடித்தபடி அவருடைய முதுகையே பார்த்தார். மகள் வந்து பாட்டை நிறுத்தினாள். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே, காபி ஆறுது தம்பி என்றார்.

தெருமுனை வரை கூட வந்தார். என் இடது பக்கமாக நடந்தார். அப்போதுதான் கவனித்தேன், எப்போதுமே அப்படித்தான் நடப்பார், அவருடைய வலது காது என் பக்கம் இருக்கும்படி.

"நாற்காலியைத் திருப்பினது நீங்க முதல் ஆள் இல்ல. நானே திருப்பிப் பாத்துட்டேன். அஞ்சு மாசம் ஆச்சு."

பிறகு ஏன் பெட்டியை மாற்றினீர்கள், திரை வாங்கினீர்கள் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னா வேற வாங்கிக்கலாம்னு மனசு சொல்லிட்டே இருந்துச்சு."

கூண்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊதுகிறவரின் கன்னம் உப்புவதைப் பார்த்துக்கொள்கிறாராம். கன்னம் தெரியாதபோது ஒரு நொடி காத்திருந்து, கீழே நிற்பவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்ப்பாராம். ஆறு வாரத்தில் கம்பெனி மெடிக்கல் இருந்தது. அதில் காதும் உண்டு. போன தடவை ஒலி எழுப்பும் பொத்தானை நர்ஸின் விரல் அழுத்துவது மருந்து அலமாரிக் கண்ணாடியில் தெரிந்ததால் தப்பித்திருக்கிறார்.

"பொண்ணுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் கூண்டுல இருக்கணும் தம்பி. நீங்க எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதைவிடக் கேவலமான ஒரு தலையாட்டலை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. மறுநாள் காலை அன்றைய சுமைகளின் பட்டியலில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டு மேலே கூண்டுக்கு அனுப்பினேன். அதற்கு அடுத்த நாளும். கீழே நடக்கிற முப்பது பேரையும் தெரியும், அவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதும் தெரியும். ஆனாலும் அண்ணனை நினைத்தால் பேனா அந்தப் பக்கம் போகவில்லை.

பதினோராம் நாள் இடது வரிசையில் தகடுகள் உயரமாக அடுக்கியிருந்தன. அங்கே விசில்காரர் அடுக்குக்குப் பின்னால் நின்றார். கொக்கியில் ஒரு பெரிய தகடு இடது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வலது வரிசையிலும் ஒரு லாரி நின்றது. இடது பக்கத்திலிருந்து நீளமாக விசில் வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து, எந்தச் சந்தேகமும் இல்லாமல், இடது பக்கத்திலிருந்து. கூண்டுக்குள் அண்ணனின் முகம் வலது பக்கம் திரும்பியது. அங்கே லாரியைச் சுற்றி ஆபத்து எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. தகடு நிற்கவில்லை. கயிறு கட்டுகிற பெரியவர் அடுக்குகளுக்கு நடுவே குனிந்திருந்தார். யாரோ அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஹெல்மெட் மட்டும் கீழே விழுந்தது. தகடு அதன்மேல் அழுத்திப் போனதில் அது சப்பாத்திக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது.

மேலே கிரேன் நின்றது. அந்த நிலையிலும் அவர் அவசரப்படவில்லை. தகட்டை ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், பூ வைப்பதுபோல் இறக்கி, கொக்கியைத் தளர்த்திய பிறகுதான் ஏணியில் இறங்கினார். எல்லோரும் சுற்றி நின்றோம். நேராக ஃபோர்மேனிடம் போனார்.

"எனக்கு இடது காது கேக்கல."

"எத்தனை நாளா?" என்றார் ஃபோர்மேன்.

நான் அவருக்கு நேர் எதிரில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

பெரியவர் தரையில் உட்கார்ந்து, தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது டாக்டர் நரம்பு என்றார், திரும்ப வராது என்றார். வலது காதையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொன்னார். கிரேன் சான்றிதழ் ரத்தானது. மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம் எதையோ கேள்விப்பட்டு, கொஞ்ச நாள் போகட்டும் என்றது. கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்பீக்கர்களை யாரும் விற்கவில்லை, யாரும் போடவும் இல்லை. அண்ணி ஒன்றின்மேல் தைத்து முடித்த துணிகளை அடுக்கி வைக்கிறார் என்று கேள்வி.

அண்ணனை டூல் ரூமுக்கு மாற்றினார்கள். ஸ்பானர், டிரில் பிட் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு சின்ன ஜன்னல்தான் உண்டு. அதற்கு வலது காதைக் காட்டி உட்கார்ந்தால்தான் கேட்பது காதில் விழும். அப்படி உட்கார்ந்தால் எதிரே ஒரு முழம் தூரத்தில் வெறும் சுவர். எட்டு மணி நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முகத்தில் பாதி மட்டும் நமக்குத் தெரியும்.

போன வாரம் எனக்கு ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. ஜன்னலில் போய் நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவருடைய நல்ல காது என் பக்கம்தான் இருந்தது. அண்ணே என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வருமா என்று நின்றுகொண்டே இருந்தேன். எனக்குப் பின்னால் ஆள் சேர ஆரம்பித்ததும் வழிவிட்டு விலகி, அளவுகோல் இல்லாமலே ஷெட்டுக்குத் திரும்பினேன்.