அடுத்த வீட்டில் வைத்த பெட்டி

நேற்று தெப்பக்குளம் அருகே ஒரு சூட்கேஸ் கடையில், விற்பனைக்காரர் ஒரு பெட்டியைத் தரையில் கிடத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறிக் குதித்தார். வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் போகும் என் மகளுக்கு அது பிடித்துப்போயிற்று. "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லீங்க மேடம். எறும்புகூட உள்ள போகாது" என்று அவர் மூடியைப் படக்கென்று சாத்தினார். அந்தச் சத்தமே போதும். புதுப் பெட்டியின் அந்த வாடை வேறு. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நானும் ஒரு காலத்தில் ஊர் சுற்றியவன்தான். அரியமங்கலத்தில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை. ரெக்சின் பை எதுவும் என்னிடம் ஆறு மாதம் உழைத்ததில்லை. ஒன்று விழுப்புரம் பிளாட்பாரத்தில் ஜிப் விட்டு, என் உள்ளாடைகளை ஊருக்கே காட்டியது. அந்த ரோஷத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, ஆள் நின்றாலும் நசுங்காத நீலப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதே வாடை. மூடி விழுந்தால் பூட்டு தானாகக் கவ்விக்கொள்ளும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. ராகுகாலத்தில் நான் கிளம்பினால் என் மனைவிக்கு ஆகவே ஆகாது. ரயில்காரருக்கு அது தெரியுமா? அதற்கும் ஒரு வழி இருந்தது, பரஸ்தானம் என்று. நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எப்போது போனாலும் பாதகமில்லை. அடுத்த வீட்டு மாமி, "எங்காத்துலயே இருக்கட்டும், நீங்க சாவகாசமா வந்து எடுத்துக்கோங்கோ" என்பார். பெட்டி போனால் பின்னாலேயே அப்பாவும் போய்விடுவார் என்பது என் நாலு வயது மகளுக்கும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும் நேரம் பார்த்து அவளைக் காணோம். மனைவி தெருக்கோடிவரை ஓடினாள். மாமி கிணற்றை எட்டிப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். எங்காவது விளையாடிக்கொண்டிருப்பாள், வந்துவிடுவாள் என்று, பெட்டியை எடுக்க மாமி வீட்டு அறைக்குள் போனேன். தூக்கினால் கனத்தது. ஊறுகாய் ஜாடியை உள்ளே வைத்துவிட்டாளா இவள் என்று மனைவி மேல் எரிச்சல். இரண்டடி வைத்திருப்பேன், காலில் ஏதோ சிக்கியது. என் சட்டை. குனிந்து பார்த்தால், மிச்சத் துணியெல்லாம் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கிறது.

பெட்டியை அப்படியே தரையில் கிடத்தினேன். எப்படித் திறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முட்டியை மடக்கிக்கொண்டு, வேர்வையில் தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்துக் கிடந்தாள். "பாப்பா, பாப்பா" என்று கத்தினேன். அசையவில்லை. மனைவி ஓடிவந்து முகத்தில் தண்ணீரை அடித்த பிறகுதான் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஊருக்கு வரேம்ப்பா" என்றாள். உள்ளேயிருந்து எவ்வளவு கத்தினாளோ. அடுத்த அறையில் இருந்த மாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் தேடித் தேடி வாங்கிய பெட்டி அல்லவா!

அன்று நான் ஊருக்குப் போகவில்லை. குழவிக்கல்லை எடுத்து இரண்டு பூட்டையும் அடித்துப் பெயர்த்தேன். அதற்கப்புறம் பதினோரு வருஷம் கயிறு கட்டிய பெட்டியோடுதான் அலைந்தேன். ஆர்டர் பிடிக்க வந்தவரா, அப்பளம் விற்க வந்தவரா என்று கேலி செய்தவர்கள் உண்டு. யாருக்கும் காரணத்தைச் சொன்னதில்லை.

"ஏம்ப்பா இப்படி வேர்க்குது?" என்று ஸ்டூல் பக்கம் வந்து மகள் கேட்டாள்.

"துணிப் பையா எடுத்துக்கோயேம்மா."

"அது நாலு தடவைக்குத் தாங்காதுப்பா" என்றவள் போனை நீட்டிப் பணம் கட்டிவிட்டாள். அந்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை. நாங்களும் சொல்லாமலே விட்டுவிட்டோம். இப்போதாவது சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். "கதை விடாதீங்கப்பா" என்று சிரிப்பாள். பரஸ்தானம் என்றால் என்னவென்றே முதலில் விளக்க வேண்டும். மாமி இல்லை, அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். என் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. "ஆமாம், உங்கப்பா சொல்றது நிஜம்தான்" என்று மகளிடம் சொல்வதற்கு ஒருவர்கூட இல்லை.