போகியன்று காஜா பேராங்குக்கு, சத்தமிடும் காரில்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா ஆன பிறகு வந்த முதல் போகி. பகல் இரண்டு மணிக்குத் தம்பின் நகரில் வாடகைக் காரில் ஏறினேன். மலாக்கா நகரை ஒட்டிய காஜா பேராங் இருபத்து நாலு மைல். ஆளுக்கு ஒன்றரை வெள்ளி. மடியில் என் மனைவி சுட்டுத் தந்த சுழியம்.

அது எங்கள் மகள் ருக்மணிக்கு. காஜா பேராங்கில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் ஒரு செட்டிக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். ஆனால் மாரியம்மன்மேல் நம்மைவிடப் பக்தி. போன வைகாசியில் ருக்மணி பிரசவத்தில் போய்விட்டாள். போகியன்று மாலை ஐந்து மணிக்கு அங்கே, இறந்தவர்களுக்குப் பிரியமானதை இலையில் படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் யாரும் உள்ளே போகக்கூடாது. அதற்குள் நான் போய்ச்சேர வேண்டும்.

அலோர் காஜா தாண்டியதும் இன்ஜின் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது. பின்சீட்டுத் துணிக்கடைக்காரர், “என்ன மணியம், உள்ளே கொல்லன் குடி வந்துட்டானா?” என்றார். டிரைவர் மணியம் சிரிக்கவில்லை. ரப்பர் மர நிழலில் காரை நிறுத்தினார்.

“பெல்ட்டுன்னா கீச்சுனு கத்தும். சைலன்சர் ஓட்டைன்னா உறுமும். இது தட்டுதுங்க ஐயா. மேலே வால்வு பக்கமா தட்டினா மெதுவாப் போயிடலாம். கீழே பேரிங்னா இங்கேயே நிக்க வேண்டியதுதான்.”

நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்டார். இங்கே, அங்கே என்று மாற்றி மாற்றி வைத்தார். மேலேயே இருக்கட்டும் தாயே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“மேலதான்” என்றார். எண்ணெய் வற்றிப்போனதுதான் காரணமாம். அவர் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு அலோர் காஜாவுக்குத் திரும்பிப்போய் எண்ணெய் வாங்கி ஊற்றி, மறுபடி கிளம்பும்போது மணி நாலு ஆகப் பத்து நிமிஷம். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மாட்டுவண்டிக்குச் சற்று மேலான வேகத்தில் செங் கிராமம் வந்து, காஜா பேராங் சேர்ந்தபோது ஐந்துக்குச் சில நிமிஷமே பாக்கி.

“மாமா, மாசோக், செப்பாட்” என்று மருமகன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சீக்கிரம் உள்ளே வாருங்கள் என்கிறார். ருக்மணியின் இலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறும், மிளகாய் அரைத்துச் செய்த மீன் சம்பாலும் இருந்தன. இவையெல்லாம் அவளுக்குப் பிடித்துப்போனது எனக்குத் தெரியாது. ஓரத்தில் சுழியத்தை வைத்தேன். ஆறிப்போயிருந்தது.

கதவைச் சாத்தினார்கள். சம்பந்தியம்மா என் பக்கத்தில் அமர்ந்தார். அரைமணி நேரம், உள்ளேயிருந்து ஒரு வளையல் சத்தமாவது வராதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் பொங்கலன்று காலைப் பேருந்தில் திரும்பினேன். நம் வீட்டில் படைத்தால் காக்கையைக் கூப்பிடுகிறோம். கொத்துவதைக் கண்ணால் பார்த்து ஆறுதல் அடைகிறோம். அங்கே எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வாசலில் பையை வாங்கிக்கொண்ட மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“சாப்பிட்டாளா?”

“கதவைச் சாத்திட்டாங்க, நான் பாக்கல” என்றேன். “சாப்பிட்டிருப்பா.”